கேசட்டில் இருக்கும் அத்தையின் கும்மிக் குரலை நாதஸ்வரத்திலிருந்து பிரிப்பது எப்படி?

கோலிவாடா_கும்மி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். ரயில் நிலையத்துக்கு குரு தேக் பகதூர் நகர் என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனால் எங்கள் வீட்டில் யார் கேட்டாலும் கோலிவாடா என்றுதான் சொல்வோம்.

எங்கள் கட்டடத்தில் பாதி தமிழ் வீடுகள், பாதி மராத்தி வீடுகள். பொங்கலும் சங்கராந்தியும் சேர்ந்தே வருவதால் மாடியில் ஒரே விழாவாக நடத்துவோம். அவர்கள் திள்குள் (எள்ளும் வெல்லமும் சேர்ந்த இனிப்பு) கொடுப்பார்கள், நாங்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுப்போம். இந்த வருடம் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரே நடனமாக ஆடப் போகிறார்கள். முதலில் கும்மி, அது அப்படியே கோலி நடனத்தில் (மும்பை மீனவர்களின் நடனம்) போய்ச் சேர வேண்டும். கடையில் கிடைக்கும் பாட்டை ஒட்டிப் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது.

1994 பொங்கலுக்குத் தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் (திருநெல்வேலிப் பக்கம்) நடத்திய விழாவில் என் அத்தை கும்மி பாடினார். அன்றைக்கு சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தார். மொத்தம் ஆறு நிமிடம். அத்தை முன்பாட்டு, பெண்கள் பின்பாட்டு, கைத்தட்டு, தவில், வரிக்கு வரி முடிவில் ஒரு நாதஸ்வரம். அத்தைக்கு இப்போது 68 வயது, அம்பர்நாத்தில் இருக்கிறார். இன்றைக்கும் பேசுகிற குரலில் அந்தக் கணீர் இருக்கிறது. ஆனால் மூச்சுப் பிடித்து ஆறு நிமிடம் பாட முடியாது. அதனால் கேசட்டில் இருக்கிற குரலைத்தான் எடுத்தாக வேண்டும்.

கோலிப் பாட்டுக்கும் வழி இருக்கிறது. எங்கள் தெருப் பையன்களின் பாஞ்சோ பார்ட்டி (பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் டோல்கி மேளமும் வாசிக்கும் குழு) கணபதி ஊர்வலத்தில் வாசித்ததை மிக்ஸரிலிருந்து நேராகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதில் பாடுகிறவரின் குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே அத்தையின் குரலைப் போட வேண்டும். இதுதான் வேலை.

இதுவரை செய்தது: முதலில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இருக்கும் குரல் நீக்கும் வசதியைக் கேசட்டுக்குப் போட்டேன். பாட்டே காணாமல் போய் உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அப்புறம் பாட்டைத் தனித்தனியாகப் பிரிக்கும் டெமக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். என் பழைய லேப்டாப்பில் ஆறு நிமிடப் பாட்டுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு கோப்பாகப் பிரித்துக் கொடுத்தது. அத்தையின் குரலைத் தனியாக முதல் முறை கேட்டபோது கண் கலங்கிவிட்டது. வரி தொடங்கும் முன் அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. இத்தனை வருடம் அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கிறேன், அந்த மூச்சை இதற்கு முன் கேட்டதே இல்லை.

ஆனால் சிக்கல் இங்கேதான். "பொங்கலோ" என்று அத்தை இழுக்கிற இடத்தில் நாதஸ்வரமும் அதே சுரத்தில் வந்து சேர்கிறது. பிரித்த பிறகு அந்த "லோ"வில் பாதி குரல், பாதி நாதஸ்வரம். குரல் முடிந்த பிறகும் நாதஸ்வரத்தின் வால் ஒன்று தொங்குகிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. அதை அழிக்க இரைச்சல் நீக்கியைப் போட்டால் அத்தையின் குரல் தகரம் போல ஆகிவிடுகிறது.

வேகமும் சேரவில்லை. கும்மி நிமிடத்துக்கு 91 தட்டில் தொடங்கி முடியும்போது 107-க்குப் போய்விடுகிறது. பாஞ்சோ பார்ட்டி சீராக 100. சுருதியும் எங்கோ நடுவில் நிற்கிறது, ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சேர மாட்டேன் என்கிறது. மூன்று வாரம் இருக்கிறது. இந்த வேலையில் கை பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

டோம்பிவிலி_டேப் எழுதியது:

பிரிப்பதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். கேசட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எதில் ஓட்டிப் பதிந்தீர்கள்? வீட்டு டூ இன் ஒன்னின் இயர்போன் துளையிலிருந்து எடுத்திருந்தால், அதைத் தூக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். நல்ல கேசட் டெக் ஒன்றைக் கடன் வாங்குங்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சு தொட்டுத் துடையுங்கள், ரப்பர் உருளையையும் சேர்த்து. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். கைத்தட்டு ஒரு இடத்தில் பளிச்சென்று வரும். அங்கே நிறுத்துங்கள். பதிந்த இயந்திரத்தின் ஹெட் சாய்ந்திருந்த கோணத்துக்கு உங்கள் ஹெட்டும் வர வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்த மென்பொருளும் இந்தத் தெளிவைப் பிறகு கொண்டுவராது.

வேவ் கோப்பாகப் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பித் திரும்ப வாங்கிய கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

செம்பூர்_சவுண்ட் எழுதியது:

தங்கச்சி, மேலே சொன்னதைச் செய்துவிட்டு வாருங்கள். கச்சேரிகளுக்கு மிக்ஸர் பார்க்கும் வேலையில் 22 வருடம் ஆகிறது. இந்த ஐந்தாறு வருடமாகப் பழைய பாட்டைப் பிரித்துக் கேட்டு வருபவர்கள் அதிகம், அதனால் இதில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆடாசிட்டி விஷயம். அது பழைய தந்திரம். ஸ்டூடியோப் பாட்டில் குரல் நடுவில் இருக்கும், அதாவது இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஒரே மாதிரி இருப்பது எல்லாம் போய்விடும். குரலோடு பேஸும் டிரம்ஸின் நடுப் பகுதியும் போய்விடும், குரலின் எதிரொலி மட்டும் பின்னால் அலையும். உங்கள் கேசட் மோனோ. இரண்டு பக்கமும் ஒரே பாட்டு, கழித்தால் பூஜ்யம். டேப்பின் இரைச்சல் மட்டும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அது மிஞ்சியது. கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை.

இப்போது வந்திருப்பது வேறு வழி. 2019 நவம்பரில் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற பிரிக்கும் மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதே காலத்தில் ஃபேஸ்புக்கின் ஆய்வுக் குழுவிலிருந்து டெமக்ஸ் வந்தது, நீங்கள் போட்டிருப்பது அனேகமாக அதன் நான்காம் பதிப்பாக இருக்கும். இவை எதையும் கழிப்பதில்லை. குரல் தனியாகவும் வாத்தியம் தனியாகவும் கையில் இருக்கிற பாட்டுகளைக் கொடுத்து, கலந்ததிலிருந்து தனித்தனியாக ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதற்குப் பரவலாகப் பயன்படுத்தும் தொகுப்பு மியூஸ்டிபி18. மொத்தம் 150 பாட்டு, சுமார் பத்து மணி நேரம். அதில் 100 பழக்குவதற்கு, 50 சோதிப்பதற்கு. பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். அதனால்தான் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்ற அந்த நான்கு பெட்டி. நாதஸ்வரத்தை அது எங்கே கேட்டிருக்கும்? இழுத்துப் பாடுகிற பெண் குரலுக்கும் நாதஸ்வரத்துக்கும் கமகம் ஒன்று, அசைவு ஒன்று, ஸ்தாயியும் ஏறக்குறைய ஒன்று. அதன் காதுக்கு இரண்டும் பாடுகிற குரல்தான். என் அனுபவத்தில் வயலின், ஷெனாய், நாதஸ்வரம் மூன்றும் பல இடங்களில் குரல் பெட்டிக்குள் போய் உட்காரும். பாஞ்சோ பரவாயில்லை, அது மீட்டுகிற வாத்தியம். ஒலி சட்டென்று எழுந்து தேய்வதால் பெரும்பாலும் மற்றவைக்குப் போய்விடும்.

அதனால் ஒரே கருவியை நம்பாதீர்கள். அல்டிமேட் வோகல் ரிமூவர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்குள் பிரிக்கப் பழக்கிய பல மாதிரிகள் (மாடல்கள்) உண்டு. இரண்டு மூன்றில் ஓட்டி, எந்த வரி எதில் சுத்தமாக வந்திருக்கிறதோ அந்த வரியை அதிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் தப்பு செய்யும், அதுதான் நமக்கு வசதி. குரல் இல்லாத இடைவெளிகளைக் கையாலேயே வெட்டி அமைதியாக்குங்கள், ஆனால் அந்த மூச்சை விட்டுவிடுங்கள். மூச்சை வெட்டினால் பாடுகிறவர் ஆள் இல்லாமல் போய்விடுவார்.

இப்போது முக்கியமான விஷயம். குரலைத் தனியாகக் கேட்டுக் கேட்டு அதைச் சுத்தம் பண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். இந்தத் தப்பை நான் வருடக்கணக்கில் செய்திருக்கிறேன். விழாவில் யாரும் அதைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. கீழே டோல்கியும் பாஞ்சோவும் ஓடப் போகின்றன. பிரித்ததும் ஒன்றும் செய்யாமல் புது இசையின் மேல் வைத்துக் கேளுங்கள். உங்களை வருத்தும் எச்சத்தில் முக்கால்வாசி அதற்குள் மறைந்துவிடும். அப்படியும் உறுத்துகிற இடங்களை மட்டும் தொடுங்கள். "லோ"வில் தொங்குகிற அந்த வாலுக்கு நான் செய்வது இதுதான்: சரியாக அந்த இடத்தில், அதே சுரத்தில் பாஞ்சோவின் ஒரு வீச்சைக் கொண்டுவந்து வைப்பேன். கேட்கிறவர்களுக்கு அது வரிக்குப் பதில் சொல்கிற வாத்தியமாகத் தெரியும். அந்த இடத்தில் நாதஸ்வரம் செய்ததும் அதைத்தானே.

இன்னொன்று. சுருதி எந்தக் கட்டையிலும் சேரவில்லை என்றீர்கள். பதிந்த இயந்திரமும் ஓட்டுகிற இயந்திரமும் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது. கேசட்டுக்கு வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்று அளவு உண்டு, ஆனால் பெல்ட் தளர்ந்த இயந்திரம் எதுவும் அதைக் காப்பாற்றாது. ஆடாசிட்டியில் பாட்டு தொடங்கும் முன் உள்ள அமைதியான பகுதியைத் தேர்ந்து அதன் அலைமாலையை வரையச் சொல்லுங்கள், அளவை இருப்பதிலேயே பெரியதாக வைத்து. மின்சார உறுமல் 50 ஹெர்ட்ஸில் ஒரு மேடாகத் தெரியும், அதன் மடங்கு 150-ல் இன்னும் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு மேடு இருக்கிறதா பாருங்கள். 150-ல் இருப்பது உங்கள் வீட்டு மின்சாரம். மற்றது அன்றைக்குத் தாராவியில் மேடையில் ஓடிய மின்சாரம், டேப்பில் பதிந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் டேப் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்குக் கணக்கு. அந்தக் காலத்தில் மின்சாரத்தின் அதிர்வெண்ணே ஏறி இறங்கும், அதனால் இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு காதால் சரிபாருங்கள். டெம்போ எண்ணுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். டேப் வேகம் மாறினால் இரண்டும் சேர்ந்துதான் மாறும்.

மாட்டுங்கா_வயலின் எழுதியது:

செம்பூர் தம்பி சொன்னது எல்லாம் சரி. சுருதி பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். மாட்டுங்காவில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன்.

அத்தையின் குரலை ஏற்றவோ இறக்கவோ செய்யாதே அம்மா. பாஞ்சோ பார்ட்டியை ஏற்று அல்லது இறக்கு. வாத்தியத்தை அரைக் கட்டை நகர்த்தினால் யாருக்கும் தெரியாது. மனிதக் குரலை நகர்த்தினால் தொண்டையின் அளவே மாறியது போல ஆகிவிடும். அத்தையை அறிந்தவர்கள் அந்த மாடியில் இருப்பார்கள், முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், இரண்டு பாட்டின் ஆதார ஸட்ஜமும் (ஸ) ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதே. காந்தாரத்தை (க) பார். ஒன்றில் சாதாரண காந்தாரமும் (தாழ்ந்த க) மற்றதில் அந்தர காந்தாரமும் (உயர்ந்த க) இருந்தால் ஸட்ஜம் எவ்வளவு பொருந்தினாலும் பல்லில் மணல் கடிபடும். மாறாக, ஸட்ஜம் வேறாக இருந்தும் சுரங்கள் ஒன்றாக அமைவதும் உண்டு. 1 கட்டை சுருதியில் மோகன ராகம் பாடு. அதன் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதே ஐந்து சுரங்கள் மத்தியமாவதி ஆகிவிடும். காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த ஸாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதாவது 1 கட்டையில் ஒரு மோகனப் பாட்டும் 2 கட்டையில் ஒரு மத்தியமாவதிப் பாட்டும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரு சுரமும் இடிக்காது. இரண்டு பாட்டைச் சேர்க்கிற பிள்ளைகள் கட்டையை மட்டும் பார்த்துவிட்டு அழகான சேர்க்கைகளைத் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

உன் கும்மிக்கு இவ்வளவு வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கும்மியும் திஸ்ரம் (மூன்று மூன்றாக எண்ணும் நடை), கோலிப் பாட்டுகளில் நான் கேட்டவையும் அதே துள்ளல் நடைதான். நடை சேர்ந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று. நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தை எடுத்து வந்திருந்தால் உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வேகத்தையும் ஒரே எண்ணில் கட்டாதே. கும்மி ஏறத்தான் வேண்டும். கால் சூடு பிடிக்கப் பிடிக்கப் பாட்டும் ஏறும், அதுதான் அதன் உயிர்.

கோலிவாடா_கும்மி எழுதியது:

எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

தாராவியில் ஒருவரிடம் நல்ல டெக் கிடைத்தது. திருகைத் திருப்பியபோது நடந்ததை நான் மறக்க மாட்டேன். கைத்தட்டு இதுவரை சோற்றில் கை வைத்தது போல மொத்து மொத்தென்று கேட்டது, திடீரென்று உள்ளங்கையின் ஈரம் வரை கேட்டது. அண்ணா சொன்ன இரண்டு மேடும் இருக்கின்றன. ஒன்று 150-ல், மற்றது 154.5-ல். அப்படியென்றால் மூன்று சதவீதம் வேகம். குறைத்துவிட்டு ஹார்மோனியத்தை அழுத்தினேன். முன்பு 5½ கட்டைக்கும் 6 கட்டைக்கும் நடுவில் நின்ற பாட்டு சரியாக 5½-ல் வந்து உட்கார்ந்துவிட்டது. அத்தையிடம் போனில் கேட்டேன், "அஞ்சரைக் கட்டைதான், வேற எதுல பாடுவேன்" என்றார்.

வேகமும் 88-ல் தொடங்கி 104-ல் முடிவதாக மாறிவிட்டது. மாட்டுங்கா அம்மா சொன்னபடி பாஞ்சோவை 5 கட்டையிலிருந்து 5½-க்கு ஏற்றினேன். பாட்டை மூன்று பகுதியாக்கி முதல் பகுதியை 92, நடுவை 96, கடைசியை 102 என்று வைத்திருக்கிறேன். பாஞ்சோவையும் அந்தந்த எண்ணுக்கு இழுத்தேன். அத்தையின் வரி எதையும் ஐந்து சதவீதத்துக்கு மேல் இழுக்கவில்லை. ஆடாசிட்டியின் புதிய பதிப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாலே நீள்கிறது, அதனால் வரி வரியாக உட்கார்ந்து செய்தேன். நான்கு இரவு ஆனது.

"லோ"வுக்குப் பாஞ்சோவை வைத்துப் பார்த்தேன். சரியாக மூன்று இடத்தில் பொருந்துகிறது. நான்காவது இடத்தில் வால் இன்னும் கேட்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

டோம்பிவிலி_டேப் எழுதியது:

விட்டுவிடுங்கள். கேசட்டில் இருந்த ஆள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஆண்டாப்ஹில் எழுதியது:

ஒரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். அந்த நாதஸ்வரக்காரரிடமும் பின்பாட்டுப் பாடியவர்களிடமும் சொன்னீர்களா? பாஞ்சோ பார்ட்டியில் பாடுகிறவரிடம், உங்கள் குரலை எடுத்துவிட்டோம் என்று சொன்னீர்களா? கட்டடத்து மாடியில் ஆடுவது வேறு. பிள்ளைகளில் யாராவது ஒருவர் நிச்சயம் யூடியூபில் போடுவார். 1957-ன் காப்புரிமைச் சட்டத்தில் பாட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்குத் தனியாக ஒரு உரிமை. பதிவுக்கு அது வெளிவந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். நாட்டுப்புறக் கும்மி யாருக்கும் சொந்தமில்லை என்றாலும் கோலிப் பாட்டின் மெட்டு யாராவது இசையமைத்ததாக இருக்கலாம். அப்படி இருந்தால் யூடியூப் தானாகவே மெட்டைக் கண்டுபிடித்து உரிமைக்காரருக்குச் சொல்லிவிடக்கூடும்.

கோலிவாடா_கும்மி எழுதியது:

நல்ல கேள்வி. பாஞ்சோ பையன்கள் வாசித்தது கோலிவாடாவில் கல்யாணங்களுக்குப் பாடுகிற பழைய மெட்டு. பாடுகிறவரிடம் கேட்டுவிட்டேன். கடைசியில் தன் குரல் ஒரு வரியாவது வர வேண்டும் என்றார். நியாயம்தானே, அத்தையின் கடைசி வரிக்கு அடுத்து அவருடைய வரியைச் சேர்த்துவிட்டேன். இப்போது இரண்டு மொழியும் கேட்கிறது, முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

நாதஸ்வரம் வாசித்தவர் ஊருக்குப் போய்விட்டார், அவருடைய மகன் தாராவி 90 அடி சாலையில் இருக்கிறார். நேற்று அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். மற்றவை என்ற பெட்டியில் அப்பாவின் வாசிப்பு கிட்டத்தட்டத் தனியாகவே இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, மூன்று முறை கேட்டார். கோப்பை அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதனால் நான்காவது இடத்து வால் இருக்கட்டும், எடுக்கவில்லை.

செம்பூர்_சவுண்ட் எழுதியது:

அருமை, தங்கச்சி. மாடியில் போடுவதற்கு முன் ஒரு முறை அந்த விழாவின் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேளுங்கள். ஹெட்போனில் சரியாக இருக்கிற குரல் திறந்த மாடியில் டோல்கிக்குக் கீழே போய்விடும். குரலுக்கு மூன்று டெசிபல் கூட வைத்து இன்னொரு கோப்பும் கையில் இருக்கட்டும்.

கோலிவாடா_கும்மி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் போய் அத்தையிடம் போட்டுக் காட்டினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஹெட்போன் வேண்டாம் என்றார், சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது அடியிலிருந்து விரல் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. முடிந்ததும் நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று பார்த்தேன். "குலவை எங்கடி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "மூணாவது சுத்து முடிஞ்சதும் எல்லாரும் குலவை போட்டோமே, உங்க பாட்டிதான் முதல்ல போட்டாங்க. அது இல்லாம எப்படி அடுத்த அடி எடுக்குறது?" என்றார்.

வீட்டுக்கு வந்து கேசட்டைக் கேட்டேன். இருக்கிறது. நான்கு நொடி, ஆறேழு பெண்கள். குரல் பெட்டியில் அதன் சுவடு மட்டும் இருக்கிறது, ஏதோ பறவை தூரத்தில் கத்துவது போல. முழுக் குலவையும் நாதஸ்வரத்தோடு மற்றவைப் பெட்டியில் கிடந்தது. நாக்கை அசைத்து அவ்வளவு வேகமாக அதிர்கிற ஒலியை அது குரல் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. கைத்தட்டும் அப்படித்தான், டிரம்ஸ் பெட்டியில் தவிலோடு இருந்தது. பெண்களின் குரலைக் குரல் பெட்டியில் மட்டும்தான் தேடினேன், மற்ற மூன்றிலும் அதைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டியின் குரல் அந்தக் கேசட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் 1999-ல் இறந்தபோது எனக்கு எட்டு வயது.

குலவை வருகிற இடத்தில் நாதஸ்வரம் இல்லை, தவில்கூட நின்றுவிடுகிறது. அதனால் அந்த நான்கு நொடியைப் பிரிக்காமல் கேசட்டிலிருந்து அப்படியே எடுத்துவிட்டேன், டேப்பின் இரைச்சலோடு. அந்த இடத்தில் பாஞ்சோவையும் டோல்கியையும் நிறுத்திவிட்டேன். நான்கு நொடி அவர்கள் மட்டும். அது முடிகிற இடத்தில் 102-ல் எல்லாம் சேர்ந்து உள்ளே வருகிறது.

பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் என்ன ஆடுவது என்று தெரியவில்லை. அத்தை வியாழக்கிழமை ரயிலேறி வருகிறார், குலவை போடச் சொல்லிக் கொடுக்க.

மாட்டுங்கா_வயலின் எழுதியது:

வியாழக்கிழமை எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்.